ஹாம்பர்க் கச்சேரிக்கு டாக்சி வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள எல்ப்பில்ஹார்மோனி இசையரங்கம் பற்றிய பயணக் கட்டுரை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் டாக்சி பிடித்தால் நேரே அரங்க வாசலில் இறங்கிவிடலாம் என்று எழுதியிருந்தாரே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். இறங்கலாம், ஆனால் எதன்மேல் உட்கார்ந்து பாட்டு கேட்கிறோம் என்பது தெரியாமலே திரும்பி வருவோம்.

மகன் அங்கே வேலை பார்த்தபோது போயிருந்தேன். எட்டு மணிக் கச்சேரிக்கு மூன்று மணிக்கே கிளம்பி, மெஸ்பெர்க் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தேன். வெளியே வந்ததுமே சிலிஹவுஸ். 1924இல் முடித்த பத்து மாடி அலுவலகக் கட்டடம், ஏறத்தாழ 48 லட்சம் செங்கல். கிழக்கு மூலையில் நின்று அண்ணாந்து பார்த்தால் கப்பலின் முன்மூக்கு நம்மேல் ஏறி வருவதுபோல இருக்கும். கட்டியவர் சிலி நாட்டு வெடியுப்பு வியாபாரத்தில் சம்பாதித்தவர், அதனால்தான் அந்தப் பெயர்.

சாலையைத் தாண்டினால் ஸ்பைஷர்ஸ்டாட், அதாவது குடோன் நகரம். 1883இல் வேலை ஆரம்பித்து 1888இல் திறந்தார்கள். சுங்கவரி இல்லாமல் சரக்கு வைக்க ஓர் இடம் வேண்டும் என்று, அங்கே குடியிருந்த சுமார் 20,000 பேரைக் கிளப்பிவிட்டுக் கட்டியது; அழகைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காப்பி, தேயிலை, மசாலாச் சரக்கு, கம்பளம் எல்லாம் இங்கேதான் அடுக்கினார்கள். ஒவ்வொரு குடோனுக்கும் தெருப் பக்கம் ஒரு முகம், கால்வாய்ப் பக்கம் ஒரு முகம். கூரை உச்சியில் கப்பி, அதற்குக் கீழே மாடிக்கு மாடி கதவு. படகிலிருந்து மூட்டையை அப்படியே மேலே இழுத்துக் கதவு வழியாக உள்ளே வாங்கிக்கொள்வார்கள். அந்தக் கப்பிகளைப் பழுதுபார்த்தவர்களுக்கென்றே இரண்டு கால்வாய் பிரியும் முனையில் ஒரு சின்னக் கோட்டை மாதிரி வீடு இருக்கிறது, எதிரே உள்ள பாலத்தில் எப்போதும் புகைப்படக் கூட்டம்தான்.

நான் போனபோது கால்வாயில் தண்ணீரே இல்லை, வெறும் சேறு. ஏமாந்துதான் போனேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது: கடல் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் இந்தக் கால்வாய்களோடு சேரும் எல்ப ஆற்றில் கடல் ஓதத்தால் தண்ணீர் ஏறி இறங்குகிறது, சுமார் மூன்றரை மீட்டர் வித்தியாசம். அந்தக் காலத்துப் படகுக்காரர்கள் தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் உள்ளே வருவார்களாம்.

இப்படிக் குடோன் குடோனாகப் பார்த்துக்கொண்டே மேற்கே நடந்தால் கடைசியில் வருவதுதான் அரங்கம், அதுவும் ஒரு குடோன்மேல்! 1960களில் கொக்கோவும் தேயிலையும் வைக்கக் கட்டியது. வெளிச் செங்கல் சுவரை விட்டுவைத்து, உள்ளே குடைந்து, மேலே கண்ணாடி அலையை ஏற்றி 2017 ஜனவரியில் திறந்தார்கள். மொத்தச் செலவு 86 கோடி யூரோவுக்கு மேல். ஊர்க்காரர்கள் அதைத் திட்டித் தீர்த்துவிட்டு இப்போது 'எல்ஃபி' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். சீட்டு இல்லாதவர்களும் 37 மீட்டர் உயரத்து வெளிமாடம்வரை போகலாம். பெரிய அரங்கம் முழுவதும் 362 சுருள்வில் தொகுதிகள்மேல் நிற்கிறது, வெளியே கப்பல் ஊதினாலும் உள்ளே கேட்காது. எனக்கும் கேட்கவில்லை, பக்கத்து இருக்கைக்காரரின் இருமல் மட்டும் நன்றாகக் கேட்டது.

கச்சேரி முடிந்து அதே வழியாக நடந்து வந்தேன். சேறு கிடந்த இடமெல்லாம் தண்ணீர், குடோன் விளக்குகள் தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தன.

போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே பல தெருக்களில் கல் பாவியிருக்கிறது. கச்சேரிக்கென்று வாங்கிய புது ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்து, குதிகாலில் கொப்புளத்தோடு உட்கார்ந்து கேட்டவன் நான்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
தஞ்சாவூர்