பட்டன அழுத்தலன்னா பார்வை போச்சுன்னு அர்த்தமா?

மொரீஷியஸ் சுகாதார அமைச்சுல கண் மெஷின் வாங்கறதப் பத்தி முடிவெடுக்கறவங்களுக்கு வணக்கம்.

எங்க பெரியம்மாவுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, ஓரப் பார்வைய மொதல்ல தின்னுட்டு வர்ற பரம்பரை விழித்திரை நோய். நூறு ரூபா நோட்டுல இருக்கற தமிழ் எழுத்த இன்னிக்கும் தடுமாறாம வாசிப்பாங்க, ஆனா தட்டுக்குப் பக்கத்துல வெச்ச டம்ளர் கண்ணுல படாது, கை தட்டி மேசையெல்லாம் ரசம்.

போன மாசம் ஒரு கிளினிக்ல ஃபீல்ட் டெஸ்ட் எடுத்தாங்க, அதாவது பார்வை எவ்வளவு அகலத்துக்கு இருக்குன்னு பாக்கற சோதனை. ஒரு கண்ண மூடி தாடைய ஸ்டாண்டுல வெச்சு கிண்ணம் மாதிரி ஒன்னுக்குள்ள பாக்கணும், புள்ளி வெளிச்சம் தெரிஞ்சா பட்டன அழுத்தணும். நர்ஸ் 'பா பூஜே, பா பூஜே'ன்னு, அதாவது கிறியோல்ல 'அசையாதீங்க'ன்னு, அதட்டிக்கிட்டே இருந்தாங்களா, விரல அசைச்சாலும் தப்போன்னு பயந்துபோய் இவங்க பட்டனையே விட்டுட்டாங்க. ரிசல்ட்ட நம்ப முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க, யாரு தப்புன்னு எழுதல.

விழித்திரையோட மின் சிக்னல அளக்கற இ.ஆர்.ஜி. டெஸ்ட் இருக்கேன்னு சொல்வீங்க. அதுக்கு பட்டன் வேணாம், சரிதான், ஆனா கண்ணுலயோ பக்கத்துலயோ எலெக்ட்ரோடு வெச்சு வழக்கமா மொத்த விழித்திரையோட சிக்னலத்தான் சேத்து எடுக்குது. இந்த வியாதில அது சீக்கிரமே படுத்துடும். நடுவுல உயிரோட இருக்கற கொஞ்சூண்டு கூம்பு செல், அதாவது பகல் வெளிச்சத்துல நுணுக்கமா பாக்க உதவற செல், எப்படி வேல செய்யுதுங்கறதுதான் எங்களுக்கு வேணும்.

அதுக்குத்தான் ஆப்டோரெட்டினோகிராபின்னு ஒன்னு வந்திருக்கு. 1991ல வந்த, ஒளிய வெச்சு விழித்திரைய ஸ்கேன் எடுக்கற ஓ.சி.டி.யோட வாரிசுதான், ஆனா ஓ.சி.டி. விழித்திரையோட அடுக்கத்தான் காட்டும், இது அந்த செல் வேல செய்யறத காட்டும். ஒரு ஃபிளாஷ் அடிச்சா வெளிச்சத்த வாங்கற செல்லோட நுனிப்பகுதி சில மில்லிசெகண்டுல லேசா சுருங்கி அப்புறம் மெதுவா நீளும், எல்லாம் நானோமீட்டர் கணக்குல, திரும்பி வர்ற ஒளி அலை ஏத்த இறக்கத்துல எந்த நிலைல இருக்குங்கறத (ஃபேஸ்) வெச்சு அத அளந்துடறாங்க. கண்ணத் தொடறதே இல்ல. 2021ல எங்க பெரியம்மா மாதிரி நோயாளிங்களுக்கே ஒவ்வொரு கூம்பு செல்லா அளந்து பாத்திருக்காங்க.

நாளைக்கே வாங்குங்கன்னு கேக்கல. இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடத்துலதான் இருக்கு, கண்ணு ஆடினாலோ புரை இருந்தாலோ அதுவும் திணறும். மோக்கால கண்ணாஸ்பத்திரிக்கு பாரதியார் பேர வெச்ச நாடுதானே இது, பரம்பரை விழித்திரை நோய் உள்ளவங்க எத்தன பேருன்னு இப்பவே ஒரு பதிவேடு போட்டு வெளிநாட்டு லேப்போட பேச ஆரம்பிங்க, நம்ம ஆளுங்க ரெண்டு பேர அனுப்பி கத்துக்க வைங்க. அதுவரைக்கும் ஃபீல்ட் டெஸ்ட்டுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் கிறியோல்ல பொறுமையா சொல்லிக்குடுத்து, ஒருதடவ ஒத்திகையும் பாருங்க.

பெரியம்மாவுக்கு மறுபடி டெஸ்ட் வெக்கறதா இருந்தா காலைலயே வெச்சுடச் சொல்லுங்க, மத்தியானம் சாப்ட்டா அந்த கிண்ணத்துக்குள்ளயே தூங்கிடுவாங்க.