முதலில் பார்த்த டாக்டருக்கு யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் மருந்தகத்துக்கு, அதாவது டாக்டர் பார்க்கும் கிளினிக்குக்குப் போனேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, டாக்டரிடம் ஒரு விஷயம் சொல்லிவிட்டு வரத்தான் போனேன். ஒன்றரை வருடத்துக்கு முன்பு அவர் என் அப்பாவைப் பார்த்து, ரத்தச்சோகை, சைவம் சாப்பிடுகிறவர்தானே, இரும்புச்சத்து குறைந்திருக்கும் என்று மாத்திரை கொடுத்தார். கடைசியில் அது பெருங்குடலின் வலப்பக்கத்தில் இருந்த புற்றுநோய், அறுவைச் சிகிச்சை முடிந்து அப்பா இப்போது நன்றாக இருக்கிறார் என்று சொன்னேன். சண்டை போட வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் மாறிவிட்டது. அப்புறம் பேனாவை எடுத்து, முதலில் வந்த தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டார். இத்தனை வருடத்தில் இப்படித் திரும்பி வந்து சொன்னவர்கள் இரண்டு மூன்று பேர்தான் என்றார். அந்த வார்த்தைதான் இதை எழுத வைத்தது.

நடந்தது இதுதான். முதல் மருந்தகத்தில் அப்பாவின் ஹீமோகுளோபின் 11.8. சீனப் புத்தாண்டுக்கு அது மூடியிருந்ததால் வேறொரு மருந்தகம் போனோம், அங்கே 10.6. பிறகு பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) 9.3. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். மூன்றையும் ஒரே தாளில் பார்த்திருந்தால் சரிவு கண்ணில் பட்டிருக்கும். நடுவில் மலம் கறுப்பாகப் போகிறது என்று அப்பா சொன்னார். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் ஆகும் என்று எல்லாரும் விட்டுவிட்டோம், அது உண்மையும்கூட, ஆனால் உள்ளே ரத்தம் கசிந்தாலும் மலம் கறுக்கலாம், அதனால்தான் ஏமாந்தோம். வயதானவருக்கு இரும்புச்சத்து குறைந்தால் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது மருத்துவப் படிப்பில் பாலபாடமாம். ஆனால் சைவம் என்ற ஒரு சொல் எல்லார் கண்ணையும் கட்டிவிட்டது. ஐம்பது வருடமாகச் சைவம் சாப்பிடுகிறவருக்கு இந்த வருடம் மட்டும் ஏன் சோகை வந்தது என்று நானும்தான் கேட்கவில்லை.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த டாக்டர் பரிந்துரைக் கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தால் மருத்துவமனையிலிருந்து அவருக்கு ஒரு பதிலாவது போயிருக்கலாம், அப்பாவோ மயங்கி விழுந்து அவசரப் பிரிவு வழியாக உள்ளே போனவர். நான் போய்ச் சொல்லாவிட்டால், தன் மாத்திரையில் அப்பா தேறிவிட்டார் என்றே அவர் கடைசிவரை நினைத்திருப்பார், அடுத்து வரும் சைவக்காரருக்கும் அதே மாத்திரைதான். உப்பு கூடிப்போச்சு என்று சொல்ல ஆளில்லாமல் முப்பது வருடம் சமைத்தால் கை எப்படித் திருந்தும்?

கற்கும் சுகாதார அமைப்பு என்று ஒரு கருத்தை அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' அமைப்பு 2007லேயே எடுத்து வைத்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் கடைசியில் என்ன ஆனது என்பது அடுத்த நோயாளியைப் பார்க்கும் கைக்குத் திரும்பிப் போக வேண்டும், விஷயம் இவ்வளவுதான். அங்கே முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில், இரும்புச்சத்துக் குறைவால் சோகை என்று பரிசோதனையில் தெரிந்தும் குடல் சோதனைக்கு அனுப்பப்படாமல் இருப்பவர்களைக் கணினியை விட்டே பதிவுகளில் தேட வைத்து, சம்பந்தப்பட்ட டாக்டருக்குத் தகவல் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தாமதம் குறைந்ததாம். அதைப் படித்தபோது அப்பாவை மனதில் வைத்தே எழுதிய மாதிரி இருந்தது.

சிங்கப்பூரில் நம்மிடம் அதற்கு வேண்டிய சாமான் எல்லாம் இருக்கிறது. தேசிய மின்னணு சுகாதாரப் பதிவு 2011லிருந்தே ஓடுகிறது. தனியார் மருந்தகங்கள் அதில் தகவல் சேர்ப்பது இத்தனை நாளும் அவரவர் விருப்பமாக இருந்தது, 2026 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சுகாதாரத் தகவல் மசோதா அதைக் கட்டாயமாக்குகிறது. நல்லது, இனி மூன்று எண்களும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் ஒரு நோயாளியின் பதிவைப் பொதுவாகச் சிகிச்சைக்காகத்தான் திறக்கலாம், அதுவும் சரிதான், 2018ல் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தில் 15 லட்சம் பேரின் விவரம் திருடுபோனதை யாரும் மறக்கவில்லை. அப்படியென்றால் இப்போது அப்பாவைப் பார்க்காத அந்த முதல் டாக்டர், அவருக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள எந்தக் கதவைத் தட்டுவார்? தகவல் மேலே ஏறிப் போக வழி போட்டுவிட்டோம், கீழே இறங்கி வரவும் ஒரு வழி வேண்டும்.

சுகாதார அமைச்சிடம் நான் கேட்பது சின்ன விஷயம். நோயாளி சம்மதித்தால், கடைசியாகக் கண்டுபிடித்த நோய் என்ன என்று இரண்டு வரி, கடந்த ஒரு வருடத்தில் அதே தொந்தரவுக்காக அவரைப் பார்த்த டாக்டர்கள் எல்லாருக்கும் தானாகவே போகட்டும். அந்த இரண்டு வரியை வைத்து டாக்டர்மேல் வழக்குப் போடக்கூடாது என்பதையும் எழுதி வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பயத்தில் யாரும் பிரித்தே பார்க்கமாட்டார்கள். 'ஹெல்த்தியர் எஸ்ஜி' என்ற அரசுத் திட்டம் வந்ததிலிருந்து ஆளுக்கொரு குடும்ப மருத்துவர் என்று பதிந்துகொண்டிருக்கிறோம், அங்கிருந்தே தொடங்கலாமே.

இன்னொன்று. அமெரிக்காவில் 2015ல் வந்த ஓர் அறிக்கை, நோயைத் தப்பாகக் கணிப்பதையும் தாமதமாகக் கணிப்பதையும் மட்டுமல்ல, அதை நோயாளிக்குப் புரியும்படி சொல்லாததையும் பிழை என்றே கணக்கில் சேர்க்கிறது. அனீமியா (ரத்தச்சோகை) என்பதே ஒரு நோயின் பெயர், மாத்திரை கொடுத்தாகிவிட்டது, வேலை முடிந்தது என்றுதான் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். அது காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி, காரணத்தை இனிமேல்தான் தேட வேண்டும் என்று யாராவது தமிழில் சொல்லியிருந்தால் போதும், அடுத்த சோதனை எப்போது என்று அவரே தினமும் கேட்டு நச்சரித்திருப்பார். நச்சரிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை.

இப்படிக்கு,
அங் மோ கியோ வாசகர்