மொத்த மதுபானச் சரக்கின் உடைவுக்கும் போக்குவரத்து பெர்மிட்டுக்கும் உரிய பொறுப்பை உரிம நிபந்தனைகளில் வரையறுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
லாரி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
மாதவரம், சென்னை – 600 060.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை ஆணையரகம்,
எழிலகம், சேப்பாக்கம், சென்னை – 600 005.

பொருள்: மது ஆலையிலிருந்து மொத்த விற்பனைக் கிடங்குக்குச் சரக்கு செல்லும் வழியில் ஏற்படும் உடைவுக்குக் காரணம் பதிவு செய்தல், போக்குவரத்து அனுமதிச் சீட்டின் (பெர்மிட்) நேரம் கடக்கும்போது பின்பற்ற வேண்டிய நடைமுறையைத் தமிழில் அச்சிடுதல் ஆகியவற்றை உரிம நிபந்தனைகளில் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து, அதை நானே ஓட்டிப் பிழைப்பவன். பதினொரு ஆண்டுகளாக ஒரு போக்குவரத்து ஒப்பந்ததாரரின் கீழ் மது ஆலைகளிலிருந்து மொத்த விற்பனைக் கிடங்குகளுக்குப் பெட்டிகளை ஏற்றிச் சென்று வருகிறேன். மதுக்கடைகள் வேண்டுமா வேண்டாமா என்பது இம்மனுவின் பொருள் அல்ல. அரசு உரிமம் கொடுத்து நடத்தும் ஒரு வணிகத்தில், ஆலையின் வாயிலுக்கும் கிடங்கின் வாயிலுக்கும் இடைப்பட்ட தூரத்தில் நடப்பவற்றுக்கு யார் பொறுப்பு என்பதை விதியில் எழுதித் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

1937-ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியபோது இயற்றப்பட்ட மதுவிலக்குச் சட்டம்தான், திருத்தங்களோடு, இன்றும் தமிழ்நாட்டில் மது தொடர்பான எல்லா உரிமங்களுக்கும் அடிப்படையாக இருக்கிறது. அச்சட்டத்தின் அமைப்பு தாங்கள் அறியாதது அல்ல. மதுவைத் தயாரிப்பது, வைத்திருப்பது, கொண்டு செல்வது எல்லாமே குற்றம் என்று முதலில் சொல்லிவிட்டு, உரிமமோ அனுமதிச் சீட்டோ பெற்றவருக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு அளிக்கிறது. 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தொடங்கப்பட்டு மொத்த விற்பனை முழுவதும் அதனிடம் வந்தது; மொத்த வழங்கலுக்கான தனி விதிகளும் அதே ஆண்டில் வந்தன. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதே கழகத்திடம் சென்றது. இந்த ஏற்பாட்டில் உரிமம் பெற்றவருக்கான கடமைகள் தெளிவாக இருக்கின்றன. உரிமம் எதுவும் தன் பெயரில் இல்லாமல், அந்தச் சரக்கை முதுகில் சுமந்து போகும் வாகன ஓட்டிக்கோ ஒப்பந்ததாரர் சொல்வதே விதியாக இருக்கிறது.

ஆனால் தண்டனை என்று வரும்போது சட்டம் அவனைத் தவற விடுவதில்லை. உரிய சீட்டு இல்லாமல் மது கொண்டு சென்றால் 4(1)(அ) பிரிவில் வழக்கு. 14(4) பிரிவின்படி வாகனம் பறிமுதலுக்கு உள்ளாகலாம். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் அறுபதுக்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்துக்குப் பலியான பிறகு, சோதனைகள் கடுமையாக இருக்க வேண்டும் என்பதில் எங்களில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மதுபானப் பெட்டி ஏற்றிய என் வண்டியை மடக்கித் தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்லும் காவலர் தம் கடமையைச் செய்கிறார். அவர் கையில் கொடுக்க என்னிடம் இருப்பது பெர்மிட் ஒன்றுதான் என்பதால், அந்தத் தாளில் எழுதியிருக்கும் தேதியும் நேரமும் வழித்தடமும் எனக்கு உயிர்நாடியாக இருக்கின்றன.

சென்ற வடகிழக்குப் பருவமழையின்போது நடந்த ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். சென்னையை அடுத்த மாவட்டம் ஒன்றில் உள்ள ஆலையில் 180 மில்லி குவார்ட்டர் பாட்டில்கள் லோடு ஏற்றச் சென்றிருந்தேன். பெட்டிக்கு 48 பாட்டில். மதுவின் அளவு மட்டும் எட்டரை லிட்டருக்கு மேல், கண்ணாடியின் எடை தனி. ஏற்றுமிடத்தின் கூரை ஒழுகி, சுவரோரம் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளின் அடிப்பக்கம் ஈரத்தில் ஊறிக் கறுத்திருந்தது. ஒரு பெட்டியின் அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போய்ப் பாட்டிலைத் தொட்டது. அங்கிருந்த எழுத்தரிடம் இதைச் சொல்லி, வேறு பெட்டியில் மாற்றித் தரும்படி கேட்டேன். வண்டி நிற்கக் கூடாது என்று சொல்லி ஏற்றிவிட்டார்கள். அந்த அடுக்கைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கிடங்கில் இறக்கும்போது, லோடுமேன் பெட்டியைத் தோளுக்குத் தூக்கிய கணத்தில் அடி பிய்ந்து பாட்டில்கள் அவர் காலடியில் கொட்டின. இப்படி நான்கைந்து பெட்டிகள் போயின. விழுவதைப் பிடிக்கப் போன இன்னொரு இளைஞரின் உள்ளங்கை கிழிந்தது. அரசு மருத்துவமனைக்கு என் வண்டியிலேயே அழைத்துச் சென்று மூன்று தையல் போட்டுக் கூட்டிவந்தேன். கிடங்குப் பணியாளர் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, உடைந்த கழுத்துகளை ஒன்றுவிடாமல் எண்ணி, ஏற்புச் சீட்டில் 'உடைவு 37' என்று எழுதினார். எண்ணிக்கையில் ஒரு பாட்டில்கூடப் பிசகு இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அந்தச் சீட்டில் உடைவின் காரணத்தை எழுத இடமே இல்லை என்பதுதான் என் குறை.

அந்த ஒரு வரியை மட்டும் படித்த ஒப்பந்ததாரர், வண்டி குலுங்கியதால் உடைந்தது என்று முடிவு செய்து, 37 பாட்டிலுக்கும் தலா 140 ரூபாய் வீதம் 5,180 ரூபாயை என் வாடகையில் பிடித்தார். டீசலும் சுங்கக் கட்டணமும் போக அந்த நடையில் எனக்கு மிஞ்சியிருக்க வேண்டியதைவிட அது அதிகம். 140 ரூபாய் என்பது அப்போது குடிப்பவர் கடையில் கொடுத்த விலை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அதில் ஆலையின் விலை ஒரு பங்குதான்; ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் சில்லறை விற்பனையின் பங்கும் சேர்ந்துதான் அந்த விலை வருகிறது. கடைக்கே போய்ச் சேராத, யாருக்கும் விற்கப்படாத ஒரு பாட்டிலின் விற்பனை வரி வரை ஓட்டுநரின் பையிலிருந்து எடுக்கப்படுகிறது. அப்படி எடுத்த தொகை எந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்தது என்று கேட்டேன், பதில் கிடைக்கவில்லை. படத்தைக் காட்டினேன். படம் எந்தச் சீட்டிலும் இணைக்கப்படவில்லையே என்றார்.

ஆகவே, மொத்த விற்பனை உரிமத்தின் நிபந்தனைகளிலும், அக்கிடங்குகளுக்குச் சரக்கு அனுப்பும் ஆலைகளின் உரிம நிபந்தனைகளிலும், உடைவு அறிக்கை ஒன்றைக் கட்டாயமாக்க வேண்டுகிறேன். ஏற்றும்போதே பெட்டிகளின் நிலை பார்க்கப்பட்டு, ஆலைப் பணியாளரும் ஓட்டுநரும் கையொப்பமிட வேண்டும். இறக்கும்போது உடைவின் எண்ணிக்கையோடு காரணமும் எழுதப்பட்டு, கிடங்குப் பணியாளரும் ஓட்டுநரும் கையொப்பமிட்ட நகல் ஒன்று ஓட்டுநரிடம் தரப்பட வேண்டும். பெட்டி பலவீனமா, அடுக்கியதில் தவறா, இறக்கியதில் தவறா, ஓட்டியதில் தவறா என்பது அந்த இடத்தில், அந்த நேரத்தில் பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஒரு மாதம் கழித்துக் கணக்குப் பார்க்கும் மேசையில் தெரியாது. ஓட்டியதில்தான் தவறு என்று அறிக்கை சொன்னால் இழப்பை ஏற்க நான் தயங்கமாட்டேன். அப்போதும், பிடித்தம் செய்யும் தொகை சில்லறை விலையாக இல்லாமல் ஆலை அனுப்பிய விலையாக இருக்க வேண்டும் என்று விதியே சொல்ல வேண்டும்.

இதனால் அரசுக்கும் நன்மை உண்டு. உடைந்ததாகக் கணக்கில் காட்டிய பாட்டில் வேறு வழியில் வெளியே போய்விடக் கூடாது என்பது தங்கள் துறையின் கவலையாகவே இருக்கும். பாட்டில் நொறுங்கினாலும் மூடியும் கழுத்தும் பெரும்பாலும் முழுதாக நிற்கும். ஆயத்தீர்வை ஹாலோகிராம் ஒட்டியிருப்பது அங்கேதான். அறிக்கையோடு அந்தக் கழுத்துகளையும் எண்ணி ஒப்படைக்கச் செய்தால், உடைவுக் கணக்கில் யாரும் விளையாட முடியாது.

அடுத்தது பெர்மிட் நேரம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவில், கிடங்கை அடைய இருபது கிலோமீட்டர் இருக்கும்போது என் லாரியின் பின் அச்சு முறிந்தது. பெர்மிட்டின் நேரம் நள்ளிரவோடு முடிந்தது. சரக்கு சரியானது, சீட்டும் சரியானதுதான். ஆனால் பன்னிரண்டு மணி அடித்ததும் நான் சீட்டில்லாமல் மது வைத்திருப்பவன் ஆகிவிட்டேனோ என்ற பயத்தில், விடியும்வரை வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். சென்னை நகருக்குள் கனரக வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. மழைநாளில் எண்ணூர் பக்கமும் மணலி பக்கமும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் எந்த ஓட்டுநராலும் நேரத்தை மிச்சம் பிடிக்க முடியாது. வழியில் பழுதானாலோ தாமதமானாலோ யாரிடம் தெரிவிப்பது, நேரத்தை நீட்டித்துத் தருபவர் யார், அதுவரை வண்டியை எங்கே நிறுத்துவது என்பவற்றை, இரவிலும் எடுத்துப் பேசும் தொலைபேசி எண் ஒன்றோடு, பெர்மிட்டின் பின்பக்கத்தில் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டுகிறேன். அப்படி ஒரு நடைமுறை ஏற்கெனவே இருக்குமானால், அது வண்டி ஓட்டுபவனின் கைக்கு வந்து சேர வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஈரப் பெட்டியில் உடைந்த சரக்கு மேலே கொட்டினால் சட்டை, வேட்டி, இருக்கை எல்லாம் பிராந்தி வாடை அடிக்கும். நான் மது அருந்தும் பழக்கம் இல்லாதவன். ஆயினும் திரும்பி வரும் வழியில் இரண்டு முறை என்னை இறக்கிக் கருவியில் ஊதச் சொன்னார்கள். ஊதினேன், விட்டுவிட்டார்கள். ஆனால் அதே கோலத்தில் வீட்டுக்குள் நுழையும்போது, பள்ளி விட்டு வந்த மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போனதை என்னால் மறக்க முடியவில்லை. கிடங்குகளில் கை, கால், துணி கழுவ ஒரு தண்ணீர்க் குழாயும், லோடுமேன்களுக்குத் தடித்த கையுறையும், கண்ணாடிச் சில்லுகளைப் போட மூடியுள்ள தொட்டியும் இருக்க வேண்டும் என்பதை உரிம ஆய்வின்போது பார்க்கும் விஷயங்களில் சேர்த்தால், அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

மேலும், மொத்த விற்பனை தொடர்பான விதிகளையும் உரிம நிபந்தனைகளையும் தமிழில் அச்சிட்டு, ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் ஓட்டுநர்கள் படிக்கும்படி ஒட்டிவைக்க ஆணையிட வேண்டுகிறேன். எங்களில் பலர் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு படித்தவர்கள். தமிழில் இருந்தால் நிச்சயம் படிப்போம்.

நான் எடுத்த படங்களும், ஏற்புச் சீட்டின் நகலும், வாடகைப் பிடித்தத்தைக் காட்டும் ரசீதும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. சம்பந்தப்பட்ட ஆலையின் பெயரையும் ஒப்பந்ததாரரின் பெயரையும் இம்மனுவில் எழுதவில்லை. ஒருவர் மீது நடவடிக்கை எடுப்பதைவிட எல்லா ஓட்டுநர்களுக்கும் பயன்படும் விதி ஒன்று வருவதையே நான் வேண்டுகிறேன். தாங்கள் குறிப்பிடும் நாளில் எழிலகத்துக்கு நேரில் வந்து இவற்றைக் காட்டவும், தங்கள் அலுவலர்களின் கேள்விகளுக்கு விடை சொல்லவும் தயாராக இருக்கிறேன். இம்மனுவின் மீது எடுக்கப்படும் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
லாரி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்

இடம்: சென்னை