அந்த ஐஸ் கட்டிகளுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

அப்பாவின் நியூட்ரோஃபில் (கிருமியோடு போராடும் வெள்ளையணு) எண்ணிக்கை மூன்று நாளாக 500-க்குக் கீழே இறங்கவில்லை. திரும்ப ஏற்றிய ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் செல்) மஜ்ஜையில் பிடித்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்ட பாடு உங்களுக்கே தெரியும். இது நன்றி சொல்ல மட்டும்.

முதலில் வார்டு சமையலறை அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்றீர்கள் அக்கா, செய்ததையாவது எழுத விடுங்கள்.

மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு நோயாளியின் ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்துத் திரும்ப ஏற்றுகிறார்கள். திரும்ப ஏற்றும் முன் மெல்ஃபலான் என்ற கீமோ மருந்து போகும், உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 200 மில்லிகிராம் வரை. மஜ்ஜையைத் துடைத்தெடுக்கும் அந்த மருந்து வாயையும் புண்ணாக்கிவிடும். எச்சில் விழுங்கவே மார்ஃபின் தேவைப்படலாம். வெள்ளையணு இல்லாத நாட்களில் வாய்க் கிருமி புண் வழியே ரத்தத்தில் இறங்குவது அதைவிட ஆபத்து. இதைக் குறைக்க இருக்கும் எளிய வழி ஐஸ்தான். வாய் குளிர்ந்தால் ரத்தக்குழாய் சுருங்கும், மருந்து அங்கே குறைவாகப் போய்ச் சேரும். மெல்ஃபலான் ரத்தத்தில் நெடுநேரம் தங்காது, அதனால்தான் இது பலிக்கிறது.

மருந்து ஏறுவதற்குச் சில நிமிடம் முன்பே வாயில் ஐஸ் இருக்க வேண்டும். ஏறும் நேரம் முழுக்க, முடிந்த பிறகும் அரை மணியாவது. நடுவில் விட்டால் வாய் சூடாகிவிடும். வழக்கமான மெல்ஃபலானைக் கலந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றி முடித்தாக வேண்டும், ஐஸ் வரட்டும் என்று நிறுத்தி வைக்க முடியாது. கடை ஐஸும் ஆகாது, என்ன தண்ணீரோ!

நீங்கள் முந்தின நாளே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, மூடி போட்ட ட்ரேயில் உறையவைத்திருந்தீர்கள். கூர்முனை ஈறைக் கீறிவிடும் என்று காலையில் பொடியாக நொறுக்கி, ஒரு ஃபிளாஸ்க் தீரும் முன்பே அடுத்ததைக் கொண்டுவந்து வைத்தீர்கள். பல் கூசி அப்பா துப்பப் போனபோது, "இன்னும் பத்தே நிமிஷம்யா, கன்னத்துப் பக்கம் ஒதுக்கிக்குங்க" என்று பக்கத்திலேயே நின்றீர்கள். யாரும் உங்களிடம் கேட்கவில்லை அக்கா. ஐஸ் எல்லாருக்கும் முழுசாகத் தடுக்காது என்பது தெரியும். அப்பாவுக்கு உதட்டுக்குள் லேசான சிவப்போடு நின்றுவிட்டது, ஒரு வேளைகூடக் கஞ்சி தப்பவில்லை.

இரண்டு மணி நேரம் மெஷினில் கை நீட்டிப் படுத்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுவைத் தந்தவர்களுக்கும், ஆஸ்பிரின் போட்டதால் திருப்பி அனுப்பப்பட்டு மூன்று நாள் கழித்து மறுபடி வந்த தம்பிக்கும், உறைந்த செல் பையை 37 டிகிரி நீரில் இளக்கித் தந்த டெக்னீஷியனுக்கும், பெரிய ரத்தக்குழாயில் போட்ட சென்ட்ரல் லைன் குழாயைத் தொடும்முன் ஒருமுறைகூடக் கை கழுவ மறக்காத சிஸ்டர்களுக்கும் எங்கள் கும்பிடு. இனி தட்டணுவுக்கு யார் கூப்பிட்டாலும் எங்களில் ஒருவர் வருவோம்.

அக்கா, திங்கட்கிழமை அடுத்த அறைக்காரருக்கு மெல்ஃபலான் என்று கேள்விப்பட்டோம். மூடியுள்ள ட்ரே ஆறும் ஃபிளாஸ்க் இரண்டும் சிஸ்டரிடம் கொடுத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
பிள்ளைகள் மூவரும்