எவர்சில்வர் சைக்கிளுக்குக் கம்பி நார் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன இதழில் வந்த சைக்கிள் பராமரிப்புப் பக்கத்தைப் படித்தேன். செயின், பிரேக் பற்றியெல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரேமுக்கு ஒதுக்கிய மூன்று வரியில்தான் வினை. துருவே பிடிக்காதாம், அழுக்கானால் கம்பி நார் போட்டுத் தேய்த்தால் புதுசு மாதிரி ஆகிவிடுமாம். அதையே செய்து கெட்டவன் நான், அதனால்தான் இந்தக் கடிதம்.

என்னுடையது பெயின்ட் அடிக்காமல் வெள்ளி நிறத்தில் அப்படியே விட்ட பிரேம். வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆரில் முட்டுக்காடு வரை மிதித்துவிட்டு வருவேன், வந்ததும் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான் என் பராமரிப்பு. ஆறேழு மாதத்தில் கேபிள் போகும் இடத்திலும் தண்ணீர் பாட்டில் மாட்டும் திருகைச் சுற்றியும் டீக்கறை மாதிரி பழுப்பாகப் படிய ஆரம்பித்தது. சமையலறையிலிருந்து கம்பி நாரை எடுத்து வந்து அழுத்தித் தேய்த்தேன். அன்றைக்குக் கண்ணாடிபோல இருந்தது. பத்து நாள் கழித்துப் பார்த்தால், நான் தேய்த்த கோடுகளிலேயே வரிசையாக ஆரஞ்சுப் புள்ளிகள், ஊசியால் குத்தி வைத்த மாதிரி. தேய்க்காத இடமெல்லாம் சுத்தமாக இருந்தது!

ஹோட்டல் சமையலறைகளுக்கு சிங்க், மேஜை செய்து கொடுக்கும் ஒரு பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "துருப்பிடிச்சது உங்க பிரேம் இல்ல சார், அந்த நார்" என்றார். கடையில் விற்கும் நாரில் பல சாதா இரும்பு. தேய்க்கும்போது அதன் பொடி பிரேமில் பதிந்துவிடுகிறது, உப்புக்காற்று பட்டதும் முதலில் துருப்பிடிப்பது அந்தப் பொடிதான். அப்படியே விட்டால் அதன் அடியில் பிரேமும் குழி விழ ஆரம்பிக்கும்.

எவர்சில்வர் என்று பெயர் வைத்ததால் நாமும் நம்பிவிட்டோம். இந்த எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும், அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு தோல் கட்டிக்கொள்ளும், காப்பது அந்தத் தோல்தான். கனம் எவ்வளவு என்றால், ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் சில கூறுகள். கீறல் விழுந்தால் காற்றுப் பட்டுத் தானே மறுபடி வளர்ந்துவிடும். அதைக் கெடுப்பது உப்பிலுள்ள குளோரைடு. அதிலும் காற்றுப் புகாத இடுக்கில் உப்புத்தண்ணீர் தங்கினால் தோல் வளரவே வழியில்லை. லைட் மாட்டும் கிளாம்ப்பை ஒரு வருஷம் கழித்துக் கழற்றிப் பாருங்கள், அதன் ரப்பர் உட்கார்ந்திருந்த வடிவத்திலேயே ஒரு பழுப்பு வளையம் இருக்கும்.

காந்தம் ஒட்டினால் போலி என்று கடைகளில் சொல்வார்கள், அதையும் அப்படியே நம்ப வேண்டாம். பாத்திரத்துக்குப் போடும் 304 ரகத்தில் பெரும்பாலும் ஒட்டாது. இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் கம்பெனியின் 953 மாதிரியான உறுதி மிகுந்த சைக்கிள் குழாய்களில் ஒட்டும், அதுவும் அசல் ஸ்டெயின்லெஸ்தான்.

இப்போது நான் செய்வது இதுதான். வெளியே போய் வந்த அன்றே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவேன். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதில் கழுவினால் மறுபடி உப்பைத்தான் பூசுகிறோம். அதனால் குடிநீர் வாரியம் விடும் மெட்ரோ தண்ணீர்தான், கடைசி அலசலுக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன் (வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்). பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு, மெல்லிய துணி, அப்புறம் ஈரம் போகத் துடைப்பது. நம் வியர்வையும் உப்புத்தானே, அதனால் மேல் குழாயின் அடிப்பக்கத்தையும் விடுவதில்லை. பாத்ரூம் கழுவும் ஆசிட், ப்ளீச்சிங் பவுடர், புளியும் உப்பும் இதெல்லாம் கிட்டேயே வரக்கூடாது. புளி பரவாயில்லை, கூடச் சேரும் உப்புதான் எமன்.

அந்த ஆரஞ்சுப் புள்ளிகளுக்கு மருந்து மளிகைக் கடையிலேயே கிடைத்தது, எலுமிச்சை உப்பு. பெயரில்தான் உப்பு, உண்மையில் சிட்ரிக் ஆசிட். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் கரைத்து, துணியை நனைத்துக் கறை மேல் சுற்றி 20 நிமிடம் வைத்து, கொஞ்சம் இருந்ததைப் பிளாஸ்டிக் நாரால் பாலிஷ் ஓடும் திசையிலேயே தேய்த்து, நிறைய தண்ணீர் விட்டு அலசினேன். பதிந்த இரும்புப் பொடியை அது கரைத்துவிடும், குரோமியத் தோல் மறுபடி கட்டிக்கொள்ளும். முதலில் பெடல் அச்சுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அலுமினிய பாகங்களின் மேல் படவிடாதீர்கள். காய்ந்ததும் காருக்குப் போடும் வேக்ஸை மெல்லிசாகப் பூசிவிட்டால் உப்பு அவ்வளவாக ஒட்டுவதில்லை. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், தூசிதான் அப்பியது. எதைப் பூசினாலும் பிரேக் டிஸ்க்கில் மட்டும் படக்கூடாது.

இன்னொன்று, இது வெளியே தெரியாது. பிரேம் ஸ்டெயின்லெஸ், சீட்டைத் தாங்கும் குழாய் அலுமினியம் என்றால், நடுவில் உப்புத்தண்ணீர் நின்றதும் பேட்டரி மாதிரி வேலை நடந்து அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாக உப்பிக்கொள்ளும். பிறகு சீட்டை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. எனக்கு அது கழன்று வர ஒரு முழுப் பகல் ஆனது. வருஷத்துக்கு இரண்டு முறை வெளியே எடுத்துத் துடைத்து, கிரீஸ் தடவிப் போட்டால் தீர்ந்தது.

அடுத்த இதழில் அந்தக் கம்பி நார் வரியை மட்டுமாவது திருத்திப் போடுங்கள். என் மகன் அந்தப் பக்கத்தை வெட்டி, சைக்கிள் நிறுத்தும் இடத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
திருவான்மியூர் வாசகர்