கேஸ் போடச் சொல்வதற்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஃப்ரிட்ஜ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃப்ரீசரின் பின்சுவர் முழுக்கப் பனி. கீழ்த்தட்டில் குளிர்ச்சியே இல்லை என்கிறாய். கேஸ் தீர்ந்துவிட்டது என்று பார்க்க வந்தவர் சொன்னாராம். கொஞ்சம் பொறு, இப்போதே சரி என்று தலையாட்டிவிடாதே.

எனக்கு டீஃப்ராஸ்ட், அதாவது பனியை உருக்கும் ஏற்பாட்டின் கோளாறு மேல்தான் சந்தேகம். அந்தப் பின்தகட்டுக்குப் பின்னால் கூலிங் காயில் இருக்கிறது. அதில் படியும் பனியை ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்க வேண்டும். டைமர் வைத்த மாடல்களில் பெரும்பாலும் கம்ப்ரஸர் 6 முதல் 12 மணி நேரம் ஓடியதும் ஹீட்டர் போடப்படும். அது நடக்காவிட்டால் பனி ஏறி ஏறிக் காற்றுப் பாதையை அடைத்துவிடும். ஃப்ரீசர் ஓரளவு குளிரும், கீழே மட்டும் ஒன்றும் வராது.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடு. தகடு ஐஸில் ஒட்டியிருந்தால் இழுக்காதே, கதவைத் திறந்து வைத்து இளக விடு. கத்தியால் குத்துகிற வேலை கூடவே கூடாது. காயிலில் ஓட்டை விழுந்தால் பெட்டியோடு போச்சு. உள்ளே குளிர்விக்க ஓடுவது ஆர்600ஏ என்ற வகை கேஸ் என்றால் தீப்பற்றவும் செய்யும்.

தகடு கழன்றதும் பனி படிந்த விதத்தைப் பார். காயில் முழுக்க ஒரே மாதிரி மூடியிருந்தால் டீஃப்ராஸ்ட் பக்கம்தான் கோளாறு. ஒரு ஓரத்தில் மட்டும் பனி, மற்ற இடமெல்லாம் வெறும் காயில் என்றால் வந்தவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

அப்புறம் மல்டிமீட்டர். ஹீட்டரின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு அதன் மின்தடையை ஓமில் பார். 230 வோல்ட்டில் ஓடும் 200 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 265 ஓம் காட்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது.

பைமெட்டலில்தான் பலர் ஏமாறுவார்கள். காயிலில் கிளிப் போட்டு மாட்டியிருக்கும், ஹீட்டருக்கு மின்சாரம் போகவிடும் சின்ன சுவிட்ச் அது. நன்றாகக் குளிர்ந்தால்தான் அதன் உள்தொடர்பு சேரும். கழற்றி மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு 'கன்டினியூட்டி இல்லை', அதாவது இணைப்பு அறுந்திருக்கிறது என்று நல்லதைத் தூக்கிப் போடுவார்கள். காயில் உறைந்திருக்கும்போதே அதைச் சோதித்துவிடு. சில புது மாடல்களில் இதற்குப் பதிலாக சென்சார் இருக்கும், டைமர் இடத்தில் போர்டு இருக்கும். அதற்குக் கணக்கே வேறு.

ஹீட்டர், பைமெட்டல் இரண்டும் நன்றாக இருந்தால் ஃபியூஸ், டைமர் என்று போக வேண்டும். டைமரை ஓடவிட்டுப் பார்க்க மின்சாரம் வேண்டும், அதை நீ தொடாதே. தெரிந்தவர் பார்க்கட்டும்.

இன்னொன்று. ஐஸை முழுவதும் உருக்கிவிட்டுப் போட்டால் சில நாள் ஜோராக ஓடும். அதைக் காட்டி யாராவது ரிப்பேர் முடிந்தது என்றால் பணம் கொடுக்காதே. கெட்டுப்போன பாகத்தை மாற்றாதவரை பனி மறுபடி ஏறத்தான் செய்யும்.

ஹீட்டர் எத்தனை ஓம் காட்டியது என்று எழுது.

அம்மா