தேதி குறிக்கும் முன் இதையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தேதி குறித்துச் சிகரெட்டை விடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் புகைப்பவர்கள் எல்லாம் அப்பா, கணவர், கல்லூரிப் பையன். பெண் வருவது ஒரே ஓர் இடத்தில்: பக்கத்தில் நின்று இருமும் மனைவியாக. பதினோரு வருஷம் சிகரெட் பிடித்தவள் என்பதால் எழுதுகிறேன். வீட்டில் இன்னும் தெரியாது, பெயரைப் போட வேண்டாம்.

மூன்று முறை விட்டுப் பார்த்துத் தோற்றேன். முதல் முறை, மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கினேன். பாட்டி புகையிலையை ஒதுக்குவாளே, அதே மாதிரி கன்னத்தில் ஒதுக்கி ஒதுக்கி மென்றேன். என்னோடு சேர்ந்து விட்ட ஆபீஸ் நண்பனுக்கு ஒரு துண்டு இரண்டு மணி நேரம் தாங்கியது. எனக்கு முக்கால் மணியில் மண்டை காய்ந்தது. "உனக்கு மன உறுதி பத்தாது" என்றான். நானும் நம்பிவிட்டேன்.

அப்போது அதிக ரத்தப்போக்குக்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வேறொன்றுமில்லை, கருத்தடை மாத்திரைதான். நிக்கோட்டினைக் கரைப்பது கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி. ஈஸ்ட்ரோஜன் அதை முடுக்கிவிடுகிறது. அதனால் பொதுவாகவே ஆண்களைவிடப் பெண்களுக்கு நிக்கோட்டின் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. இந்த மாத்திரை சாப்பிட்டால் இன்னும் சீக்கிரம். கர்ப்ப காலத்தில் கேட்கவே வேண்டாம்: 2002-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அதே பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு இருந்ததைவிடக் கர்ப்பத்தின்போது 60 சதவீதம் வேகமாக வெளியேறியிருக்கிறது. இதையெல்லாம் படித்தபோது நண்பன் மேல் வந்த கோபத்தை எழுத முடியாது.

மாத்திரை எழுதிய டாக்டர் சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்கவில்லை. புடவை கட்டிக்கொண்டு போனவளிடம் கேட்கத் தோன்றவில்லையோ என்னவோ. நானும் வாயைத் திறக்கவில்லை, அது என் தப்பு. 35 வயதைத் தாண்டிய பெண் புகைத்துக்கொண்டே ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை சாப்பிட்டால் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து ஏறுகிறது. எனக்கு அப்போது 36.

இரண்டாவது முறை சொல்லும்படி இல்லை. மூன்றாவது, மாத்திரையை நிறுத்திய பிறகு, எல்லோரையும் போல ஜனவரி 1 அன்று. எனக்கு அது மாதச் சுழற்சியின் 23-வது நாள். எரிச்சல், அகோரப் பசி, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை என்று பீரியட்ஸுக்கு முந்தைய வாரம் வருவதெல்லாம் நிக்கோட்டினை நிறுத்தினாலும் வரும். இரண்டும் சேர்ந்து வந்தன. நான்காம் நாள் சோழிங்கநல்லூர் டீக்கடையில் போய் நின்றேன். "என்ன மேடம், ஆளையே காணோம்" என்றபடி, கேட்காமலே ஒன்றை உருவி நீட்டினார் கடைக்காரர்.

சரி, எந்த நாளில்தான் விடுவது? இங்கே ஆய்வுகளே முட்டிக்கொள்கின்றன. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் 2008 ஆய்வில், சுழற்சியின் முதல் பாதியில் விட்டவர்கள்தான் சீக்கிரம் மறுபடி பற்றவைத்தார்கள். மருந்தோடு விட்டவர்களிடம் நடந்த வேறு ஆய்வில் இது தலைகீழ். நான் நான்காவது முறை பீரியட்ஸ் முடிந்த மறுநாள் தொடங்கினேன். பதினான்கு மாதம் ஆகிறது. இன்னொருத்திக்கு வேறு நாள் ஒத்துவரலாம். ஆனால் தேதி குறிக்கும் முன் அவளிடம் இதைக் கேட்க வேண்டாமா?

நம் நாட்டில் எத்தனை பெண்கள் புகைபிடிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி, பீடி, சிகரெட் எல்லாம் சேர்த்து 2 சதவீதம்தான். ஆனால் புகைக்காமல் மெல்லுவது போன்ற வகைப் புகையிலை போடும் பெண்கள் 12.8 சதவீதம். என் பாட்டியின் சுருக்குப்பையில் இருந்ததும் இதே நிக்கோட்டின்தான்.

அடுத்த முறை இந்தக் கட்டுரையைப் போடும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்துவிடுங்கள்: என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள். அப்புறம், பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற, விட உதவும் இலவச எண்ணையும் போடுங்கள். பாக்கெட்டைக் கையில் வைத்திருக்கும்போது அந்தப் பக்கம் கண் போகாது.

ஒரு வாசகி,
சென்னை.